மனக்கவலையும் வாயும்: பல், ஈறு பற்றி நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல் கூசுகிறது, ஈறில் ரத்தம் வருகிறது, காலையில் எழுந்தால் தாடை வலிக்கிறது என்று வருகிறவர்களிடம் "தூக்கம் எப்படி இருக்கு? வீட்ல ஏதாவது கவலையா?" என்று கேட்பேன். பலரும் திகைத்துப் போகிறார்கள். பல்லுக்கும் கவலைக்கும் என்ன சம்பந்தம் என்ற எண்ணம். சம்பந்தம் உண்டு. பாளையங்கோட்டை, மேலப்பாளையம், அம்பாசமுத்திரம், ஆலங்குளம் பக்கங்களிலிருந்து வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். வாயைத் திறந்து பார்க்காமல் யாருக்கும் வைத்தியம் சொல்ல முடியாது. ஆனால் டாக்டரைப் பார்க்கப் போகுமுன் இவ்வளவும் தெரிந்திருந்தால் நல்லது.

கவலைப்பட்டால் பல் கெட்டுப்போகுமா?

கவலை மட்டும் தனியாக நின்று பல்லைக் கெடுக்காது. பல்லைச் சொத்தையாக்குவது கிருமியும் சர்க்கரையும். ஈறைக் கெடுப்பது பல்லோரம் படிகிற அழுக்குப் படலம். கவலை இவை இரண்டுக்கும் வழியைத் திறந்துவிடுகிறது.

மனம் நெடுநாள் அழுத்தத்தில் இருந்தால் உடலில் கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் கூடுதலாகச் சுரந்துகொண்டே இருக்கும். அதனால் நோய் எதிர்ப்பு முறை தடுமாறி, ஈறில் உள்ள கிருமிகளை அடக்க முடியாமல் போகிறது. எச்சில் குறைந்து வாய் வறள்கிறது. தாடைத் தசைகள் இறுகி, நமக்கே தெரியாமல் பல்லைக் கடிக்கிறோம். அப்புறம், பழக்கங்கள் மாறிப்போகின்றன. ராத்திரி பல் தேய்க்காமல் படுக்கிறோம், நேரம் கெட்ட நேரத்தில் தின்கிறோம், பீடியும் சிகரெட்டும் கூடுகிறது, ஆறு மாதமாகப் போக நினைத்த டாக்டரிடம் இன்னும் போகவில்லை. அதிகச் சேதம் செய்வது இந்தப் பழக்க மாற்றம்தான் என்பது என் கணிப்பு. கார்ட்டிசாலை நாம் நேராகப் பிடித்து நிறுத்த முடியாது. பிரஷ் நம் கையில்தான் இருக்கிறது.

இதெல்லாம் சோதித்துப் பார்த்த விஷயமா, சும்மா சொல்கிறார்களா?

சோதித்திருக்கிறார்கள். 1998இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல் மருத்துவ மாணவர்கள் 11 பேரின் மேல் அண்ணத்தில் 3.5 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சின்னப் புண் உண்டாக்கி, ஆறுவதற்கு எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். கோடை விடுமுறையில் ஒரு முறை, அதே ஆளுக்குப் பரீட்சைக்கு மூன்று நாள் முன்பு மறு முறை. பரீட்சை நேரத்துப் புண் ஆற 40 சதவீதம் கூடுதல் காலம் பிடித்தது. பதினொரு பேருக்குமே அப்படித்தான். சிறிய ஆய்வுதான், ஆனாலும் அதே வாய், அதே புண், பரீட்சை மட்டும் குறுக்கே வந்தது என்பதால் இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். பல் பிடுங்கிய பிறகோ ஈறில் சிகிச்சை செய்த பிறகோ ஆற நாளாகிறது என்று வருகிறவர்களிடம் வீட்டு நிலைமையைக் கேட்பது இதனால்தான்.

கடன் தொல்லையில் இருக்கிறேன். அதற்கும் என் ஈறு இறங்குவதற்கும் தொடர்பு இருக்குமா?

இருக்கலாம். நியூயார்க் மாநிலத்தின் ஈரி மாவட்டத்தில் 1,426 பேரைப் பரிசோதித்து 1999இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பணக் கஷ்டம் அதிகமாக இருந்தவர்களுக்கு ஈறு நோயும், பல்லைத் தாங்கும் எலும்பு கரைவதும் அதிகமாகக் காணப்பட்டது. இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அந்த ஆய்வின் மறுபாதி. பணக் கஷ்டம் இருந்தும், பிரச்சினையை நேராகப் பார்த்து ஏதாவது வழி தேடுகிறவர்களின் ஈறு, கஷ்டமே இல்லாதவர்களின் ஈறைவிட மோசமாக இல்லை. கஷ்டத்தை எண்ணி எண்ணி உள்ளுக்குள் குமைந்துகொண்டிருந்தவர்களுக்குத்தான் ஈறு நோய் கூடியிருந்தது.

கடனை நான் அடைத்துத் தர முடியாது. பல் டாக்டரால் அது ஆகிற காரியமும் இல்லை. ஆனால் வட்டிக்காரர் நாளைக் காலையில் வருவார் என்று தெரிந்த ராத்திரியிலும் இரண்டு நிமிடம் பல் தேய்த்துவிட்டுப் படுக்கிறவருக்கும், அப்படியே பாயில் சாய்கிறவருக்கும் ஐந்து வருடம் கழித்து வாய் ஒன்றுபோல இருக்காது. கடன் தீரும் காலம் வரும்போது பல் மிச்சம் இருக்க வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் சொல்கிறேன்.

ராத்திரி நான் பல்லை நறநறவென்று கடிக்கிறேனாம். வீட்டுக்காரி சொல்கிறாள், எனக்குத் தெரியவே இல்லை. உண்மையாக இருக்குமா?

அவர்கள் சொல்வதை நம்புங்கள். தூக்கத்தில் பல் கடிக்கிறவருக்குத் தான் கடிப்பது தெரியாது, பக்கத்தில் படுத்தவருக்குத்தான் தெரியும். தனியாகப் படுக்கிறவர்கள் சில அடையாளங்களைப் பார்த்துக்கொள்ளலாம். காலையில் தாடையும் நெற்றிப்பொட்டும் வலிக்கும், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். காது வலிப்பதுபோல இருக்கும், காது டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்பார். நாக்கின் ஓரத்தில் பல் தடம் வரிசையாகப் பதிந்திருக்கும். கன்னத்தின் உட்புறம் வெள்ளைக் கோடு ஓடும். கோரைப்பல் முனை மழுங்கி, முன்பல் எல்லாம் ஒரே மட்டத்துக்குத் தேய்ந்திருக்கும். அடைத்த சிமென்ட் அடிக்கடி விழுவதும், கேப் உடைவதும் அடையாளமே.

எனாமல் உடலிலேயே கடினமான பொருள். ஆனால் தேய்ந்தால் திரும்ப வளராது. தேய்ந்த இடத்தில் உள்ளே இருக்கும் மஞ்சள் பகுதி வெளியே வந்துவிடும், அப்போதுதான் கூச்சம் ஆரம்பிக்கிறது. சில நேரம் பல்லில் மெல்லிய விரிசல் விழும். கடிக்கும்போது இல்லாமல், கடித்துவிட்டு வாயைத் திறக்கும்போது சுரீர் என்று வலித்தால் விரிசலைச் சந்தேகிக்க வேண்டும். எக்ஸ்ரேயில்கூட அது எளிதில் தெரியாது. ஏற்கெனவே ரூட் கேனால் செய்து கேப் போடாமல் விட்ட பல் என்றால் ஆபத்து அதிகம், இரண்டாகப் பிளந்துவிடும்.

எல்லாப் பல் கடிப்புக்கும் கவலைதான் காரணம் என்று சொல்லக் கூடாது. தூக்கத்தில் கடிப்பதற்குக் குறட்டை, மூச்சு நின்று நின்று வருகிற தூக்க நோய், ராத்திரி காபி, மது, புகை, பரம்பரை எல்லாம் காரணமாகலாம். ஃப்ளுவாக்ஸெட்டின், செர்ட்ராலின் போன்ற மனநல மாத்திரைகளும் சிலருக்குப் பல் கடிப்பைக் கொண்டுவரும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொன்னால் அளவை மாற்றியோ வேறு மாத்திரை தந்தோ பார்ப்பார்.

பகலில் விழித்திருக்கும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டே இருக்கிறேன். இதுவும் அதே நோயா?

பகலில் இறுக்குவது வேறு வகை. மன அழுத்தத்தோடு நெருக்கமான தொடர்பு இதற்குத்தான் உண்டு. தூக்கத்தில் கடிப்பதில் சத்தம் வரும். பகலில் சத்தமில்லாமல் பல்லோடு பல்லை அழுத்தி வைத்திருப்போம்.

நம் பக்கத்தில் இதைப் பீடி சுற்றும் பெண்களிடம் நிறையப் பார்க்கலாம். முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம், மேலப்பாளையம் என்று வீட்டுக்கு வீடு தட்டு இருக்கிற ஊர்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி என்பதால் கண்ணும் கையும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தலை மணிக்கணக்கில் குனிந்தே இருக்கும், கழுத்து இறுகும், கூடவே தாடையும் இறுகும். சாயங்காலம் கன்னம் வலிக்கிறது, பல் எல்லாம் சேர்ந்து வலிக்கிறது என்பார்கள். பார்த்தால் ஒரு பல்லிலும் சொத்தை இருக்காது. வலி தசையில். ராத்திரியில் படிக்கிற பிள்ளைகளுக்கும், கம்ப்யூட்டர் முன் உட்காருகிறவர்களுக்கும், லாரி ஓட்டுகிறவர்களுக்கும் இதேதான்.

இதற்கு மருந்து மாத்திரை வேண்டாம், பழக்கினால் போதும். உதடு மூடியிருக்கலாம், பல் மட்டும் பல்லைத் தொடக் கூடாது. மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேர வேண்டிய வேலையே இல்லை. "ன" என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு நுனி மேல் முன்பல்லுக்குப் பின்னால் ஓரிடத்தில் நிற்கிறதே, அங்கேயே நாக்கை வைத்துக்கொண்டு தாடையைத் தளர விடுங்கள். ஒரு கட்டு பீடி முடிந்ததும் ஒரு முறை, போனை எடுக்கும்போது ஒரு முறை என்று ஏதாவது ஒரு வேலையோடு சேர்த்துக்கொண்டால் மறக்காது. வலி இருக்கும் நாளில் வெந்நீரில் முக்கிப் பிழிந்த துண்டைக் கன்னத்தில் பத்து, பதினைந்து நிமிடம் வைத்தால் தசை இளகும். அன்றைக்கு முறுக்கும் பொரிகடலையும் வேண்டாம்.

தாடை டக் டக் என்று சத்தம் போடுகிறது. பயப்பட வேண்டுமா?

வலி இல்லாமல் சத்தம் மட்டும் வந்தால் விட்டுவிடலாம், பலருக்கும் அது உண்டு. வலியோடு வந்தால், வாய் முழுதாகத் திறக்கவில்லை என்றால் காட்டுங்கள். கொட்டாவி விட்டபோது வாய் திறந்தபடியே நின்றுவிட்டால் நீங்களாகத் தள்ளி மூடப் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நைட் கார்டு (ராத்திரி பல்மேல் மாட்டிக்கொள்ளும் உறை) போட்டால் பல் கடிப்பது நின்றுவிடுமா?

நிற்காது. காலில் செருப்புப் போட்டால் வழியில் கிடக்கிற முள் போய்விடுமா? கால் தப்பிக்கும், அவ்வளவுதான். நைட் கார்டும் பல் தேயாமல் காக்கிறது, கடிப்பதை நிறுத்துவதில்லை. அதனால் அது வேண்டாம் என்று அர்த்தமில்லை. தேய்மானம் தொடங்கியவருக்குக் கட்டாயம் வேண்டும். அளவெடுத்துச் செய்ததாக இருக்கட்டும். ஆன்லைனில் வாங்கி வெந்நீரில் போட்டுக் கடித்து அமைத்துக்கொள்வது சரியாக உட்காராமல் தாடை வலியைக் கூட்டிவிடும் சில நேரம். காலையில் எடுத்ததும் பச்சைத் தண்ணீரில் மென்மையான பிரஷால் தேய்த்துக் கழுவி உலர வையுங்கள். வெந்நீரில் போட்டால் வளைந்துவிடும்.

தாடைத் தசையைத் தளர்த்த அதில் போடாக்ஸ் ஊசி போடுவதும் உண்டு. எல்லோருக்கும் தேவைப்படாது. அதன் பலன் சில மாதங்களுக்குத்தான்.

"எம் பையன் ராத்திரி பல்லக் கடிக்கான், வயித்துல பூச்சியா இருக்குமோ?"

அநேகமாக எல்லா ஆச்சிகளும் சொல்கிற காரணம் இது. பூச்சியால்தான் பல் கடிக்கிறார்கள் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. பள்ளியிலும் அங்கன்வாடியிலும் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு மாத்திரை கொடுக்கிறார்கள், அதைப் பிள்ளை சாப்பிட்டிருந்தால் போதும். அதற்குப் பிறகும் கடித்தால் மறுபடி மறுபடி பூச்சி மருந்து கொடுக்க வேண்டாம்.

பிள்ளைகள் தூக்கத்தில் பல் கடிப்பது சாதாரணம். பெரும்பாலும் பால்பல் விழுந்து நிலைப்பல் முளைத்து வருகிற காலத்தில் தானாகக் குறைந்துவிடும். குறட்டை விட்டாலோ, வாயால் மூச்சு விட்டுத் தூங்கினாலோ, டான்சில் பெரிதாக இருக்கிறதா என்று குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். புதுப் பள்ளி, ஹாஸ்டல், தம்பி தங்கை பிறப்பு, வீட்டில் சண்டை, அப்பா வெளிநாடு போனது என்று ஏதாவது நடந்த பிறகு இது தொடங்கியதா? பிள்ளை வாயால் சொல்லத் தெரியாமல் இருக்கலாம். படுக்கப் போகுமுன் போனை வாங்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து அன்றைய கதையைக் கேளுங்கள். அடித்து எழுப்பி "கடிக்காதல" என்று அதட்டுவதால் எந்தப் பிரயோசனமும் இல்லை.

தேய்க்கும்போது ரத்தம் வருகிறது. ரத்தம் வரும் இடத்தைத் தொடாமல் விட்டுவிடலாமா?

அப்படி விடுவதால்தான் நோய் வளர்கிறது. ரத்தம் வரும் இடம்தான் அழுக்கு தங்கிய இடம். மென்மையான பிரஷால் ஈறும் பல்லும் சேரும் ஓரத்தை மெதுவாகச் சுற்றித் தேய்த்துவந்தால் ஈறு வீக்கம் ஓரிரு வாரத்தில் குறைந்து ரத்தமும் நிற்கும். நிற்கவில்லை என்றால் உள்ளே காரை, அதாவது கெட்டியாகிப்போன அழுக்கு, படிந்திருக்கிறது, பிரஷால் அதை எடுக்க முடியாது.

இந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் ஈறு முழுதாகப் பழைய நிலைக்கு வரும். நாள் கடத்தினால் அழற்சி எலும்புக்குள் இறங்கிவிடும். கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வராது, இருப்பதைக் காப்பாற்றலாம், அவ்வளவுதான். கவலையில் இருப்பவர்கள் ஈறு விஷயத்தில் ஏமாந்துபோவதற்குக் காரணம் அது வலிக்காமல் வளர்வது. சொத்தைப் பல் தூங்க விடாது, ஆள் அலறிக்கொண்டு வந்துவிடுவார். ஈறு நோய் அமைதியாக இருந்துவிட்டுப் பல் ஆடும்போதுதான் தெரியவரும்.

புகை பிடிக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நிக்கோட்டின் ரத்தக் குழாயைச் சுருக்கிவிடுவதால் உங்கள் ஈறில் ரத்தம் வராமலேயே இருக்கலாம். ரத்தம் வராததை வைத்து ஈறு நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

கிளீனிங் செய்தால் பல் ஆடிவிடும், இடைவெளி விழுந்துவிடும் என்கிறார்களே?

பல்லை ஆட வைத்தது நோய். காரை கெட்டியாகப் படிந்து, ஏற்கெனவே ஆட்டம் கண்ட பற்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்திருக்கும். அதை எடுத்ததும், வீங்கியிருந்த ஈறும் வற்றியதும் உண்மை நிலை வெளியே தெரிகிறது. காரையை அப்படியே விட்டிருந்தால் பல் தானே கழன்று விழுந்திருக்கும்.

மகள் நீட் கோச்சிங்கில் இருக்கிறாள். திடீரென்று ஈறு எல்லாம் வலி, வாயில் தாங்க முடியாத நாற்றம். என்ன இது?

உடனே அழைத்து வாருங்கள், நாளை என்று தள்ள வேண்டாம். இரண்டு பல்லுக்கு நடுவில் இருக்கும் கூர்மையான ஈறு முனை அரித்து எடுத்ததுபோல இருந்து, மேலே சாம்பல் நிறப் படலம் படிந்து, தொட்டாலே ரத்தம் வந்தால் அது ஈறு அழுகல் நோய். முதல் உலகப் போரில் பதுங்குகுழியில் கிடந்த சிப்பாய்களுக்கு நிறைய வந்த நோய் இது. கடும் மன அழுத்தம், தூக்கமின்மை, சத்துக் குறைவு, வாய் சுத்தமின்மை, புகை ஆகியவை ஒன்றாகச் சேரும்போது வருகிறது. சிப்பாய்க்கு இருந்ததில் புகையை எடுத்துவிட்டால் மிச்சமெல்லாம் பரீட்சைக்கு முந்தைய மாதத்து ஹாஸ்டல் பிள்ளைக்கும் இருக்கக்கூடும். அரிதுதான், ஆனால் வந்தால் வேகமாகப் பரவும். சுத்தம் செய்து, டாக்டர் எழுதித் தருகிற மருந்தை எடுத்தால் சில நாளிலேயே வலி அடங்கும். காய்ச்சலும் கழுத்தில் நெறிகட்டும் இருந்தால் இன்னும் அவசரம்.

இதைவிட அடிக்கடி வருவது கடைசியில் முளைக்கிற ஞானப்பல் தொந்தரவு. 17 முதல் 25 வயதுக்குள் அந்தப் பல் பாதி முளைத்து, மேலே மூடியிருக்கும் ஈறுக்குள் சோறும் கிருமியும் புகுந்து வீங்கும். சரியாகப் பரீட்சை நேரத்தில்தான் வீங்குகிறது என்பார்கள். உடல் எதிர்ப்பு குறைகிற நேரம் அதுதானே. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் கொப்பளித்தால் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும். வாய் திறக்க முடியாமலோ விழுங்க முடியாமலோ போனால் மெடிக்கலில் மாத்திரை வாங்கி ஓட்டாதீர்கள்.

படிப்புக்குப் பேர்போன பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு இதைச் சொல்கிறேன்: பிள்ளைக்கு அனுப்பும் பையில் பிஸ்கட் பாக்கெட்டோடு ஒரு நல்ல பிரஷையும் வையுங்கள். ராத்திரி எத்தனை மணி வரை படித்தாய் என்று கேட்கும்போது பல் தேய்த்தாயா, தூங்கினாயா என்றும் கேளுங்கள்.

கவலை வந்தாலே வாய்ப்புண் வந்துவிடுகிறது. சூட்டினால்தானே?

சின்ன வட்டப் புண், நடுவில் வெள்ளை, சுற்றிச் சிவப்பு. இது மன அழுத்தத்திலும் தூக்கக் குறைவிலும் பலருக்கு வருகிறது. திரும்பத் திரும்ப வந்தால் இரும்புச் சத்து, வைட்டமின் பி12, ஃபோலிக் அமிலம் குறைவா என்று ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பது நல்லது. மணத்தக்காளிக் கீரை சாப்பிடுங்கள், நல்ல உணவு. குறைபாடு கடுமையாக இருந்தால் கீரை மட்டும் போதாது. ஒரு வாரம், பத்து நாளில் இந்தப் புண் தானாக ஆறிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், அதுவும் வலிக்காத புண், புகையிலை வைக்கும் இடத்தில் உள்ள புண் என்றால் சூடு என்று சொல்லிக்கொண்டு மோர் குடித்துக் காத்திருக்கக் கூடாது. புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும்.

வாய் வறண்டே இருக்கிறது, நாக்கு ஒட்டுகிறது. கவலையாலா, மாத்திரையாலா?

இரண்டாலும் வரும். ஆரோக்கியமானவருக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை எச்சில் ஊறும். சாப்பிட்டதும் வாயில் அமிலத் தன்மை கூடி, பிஹெச் (அமிலம் கூடக் கூட இறங்கும் அளவு) 5.5க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். அதைச் சமப்படுத்துவது எச்சில்தான், அதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். எச்சில் இல்லாத வாயில் இந்த வேலை நடக்காது. அதனால் பல்லின் கழுத்துப் பகுதியில், ஈறோரமாக, வரிசையாகச் சொத்தை விழும். மன அழுத்தத்துக்கான சில மாத்திரைகள், அலர்ஜி மாத்திரை, சில பிரஷர் மாத்திரைகள் எச்சிலைக் குறைக்கும். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று பல் டாக்டரிடம் சீட்டைக் காட்டுங்கள். தண்ணீரை வாய் வாயாகக் குடியுங்கள். சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லலாம். வறட்சிக்காக இனிப்பு மிட்டாயை அடக்கிக்கொண்டே இருப்பது மிகக் கெட்டது.

மனசு சரியில்லை என்றால் அல்வாவும் டீயும்தான் துணை. விட வேண்டுமா?

திருநெல்வேலிக்காரரிடம் அல்வாவை விடச் சொல்ல மாட்டேன். பல்லுக்கு அளவைவிட எத்தனை தடவை என்பதே முக்கியம். சாப்பாட்டோடு ஒரு துண்டு அல்வா தின்று வாய் கொப்பளித்தால் ஒரு தாக்குதலோடு முடிந்தது. கவலையில் நாள் முழுக்கச் சீனி போட்ட டீ, நடுவில் பிஸ்கட், அப்புறம் கடலைமிட்டாய், சாயங்காலம் கலர் என்று போனால் எச்சிலுக்கு மூச்சு விட நேரமில்லை. பத்து டீயை நாலாக்குங்கள். கருப்பட்டி உடம்புக்கு நல்லது என்று கருப்பட்டிக் காபியை எத்தனை முறையும் குடிக்கலாம் என்று நினைக்காதீர்கள், பல்லில் இருக்கும் கிருமிக்குக் கருப்பட்டியும் சர்க்கரைதான்.

கவலையில் நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் கூடுகிறவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். மேலே வருகிற அமிலம் மேல் முன்பல்லின் உட்புறத்தை அரிக்கும். வாந்தியோ எதுக்களிப்போ வந்த உடனே பிரஷ் போடாதீர்கள், இளகிய எனாமல் தேய்ந்துவிடும். தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரமாவது கழித்துத் தேயுங்கள்.

ஒரு பீடி இழுத்தால், கொஞ்சம் புகையிலை போட்டால்தான் டென்ஷன் குறைகிறது. என்ன செய்ய?

குறைவதுபோல இருப்பதில் பெரும்பகுதி, முந்தைய பீடியின் நிக்கோட்டின் இறங்கியதால் வந்த பதற்றம் அடங்குவதுதான். ஈறு நோய்க்குப் புகையைப்போலப் பெரிய காரணம் வேறு சொல்வது கடினம். புகையிலை இல்லாத வெறும் வெற்றிலை பாக்கு பரவாயில்லை என்ற நம்பிக்கையும் சரியில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004லேயே பாக்கைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. பாக்குப் போடுகிறவருக்குக் காரம் பட்டாலே வாய் எரிந்து, கன்னம் விறைத்து, மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் நுழைக்க முடியவில்லை என்றால் உடனே காட்டுங்கள். குட்கா தமிழ்நாட்டில் 2013இல் தடை செய்யப்பட்டது, ஆனாலும் கைக்குக் கை ஓடிக்கொண்டிருக்கிறது. பீடிக்கட்டு வீட்டிலேயே கிடக்கும் ஊரில் பழக்கத்தை விடுவது எவ்வளவு சிரமம் என்று தெரியும். ஒரே மூச்சில் முடியாதவர்கள் டாக்டரிடம் கேட்டால் நிக்கோட்டின் சூயிங்கம், மாத்திரை, ஆலோசனை எல்லாம் உண்டு.

சுகர் இருக்கிறது, கவலையும் இருக்கிறது. ஈறுக்கு ஆபத்து கூடுதலா?

கூடுதல்தான். கவலை சர்க்கரையை ஏற்றும், ஏறிய சர்க்கரை ஈறைக் கெடுக்கும், கெட்ட ஈறு சர்க்கரையை அடங்க விடாது. ஈறு நோய்க்கு ஒழுங்காகச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு மூன்று மாத சராசரிச் சர்க்கரை அளவு கொஞ்சம் இறங்குவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சுகர் டாக்டரைப் பார்க்கும் மாதத்திலேயே பல் டாக்டரையும் பார்த்துவிடுங்கள்.

2023 வெள்ளத்துக்குப் பிறகு தூக்கமே சரியில்லை, அதிலிருந்து பல்லும் போயிற்று. சும்மா நினைப்பா?

நினைப்பு என்று ஒதுக்க மாட்டேன். அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிக் கரையில் வீடு மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு மழைச் சத்தமே தூக்கத்தைக் கெடுக்கும். பெரிய இடர்களுக்குப் பிறகு பல் பிரச்சினை கூடுவதைக் கொரோனா காலத்திலும் பார்த்தார்கள். 2021இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் நடத்திய கருத்துக் கணிப்பில், பல் கடிப்பால் வருகிறவர்கள் கூடியிருப்பதாகப் பத்தில் ஏழு டாக்டர்கள் சொன்னார்கள். தேய்மானமோ விரிசலோ இருந்தால் சரிசெய்துவிடலாம். தூக்கத்தை மட்டும் அப்படியே விட்டால் சரிசெய்த பல்லும் மறுபடி உடையும். ஆகவே இரண்டுக்கும் சேர்த்துப் பாருங்கள்.

டாக்டர் நாற்காலியை நினைத்தாலே பயம். அதனாலேயே தள்ளிப் போடுகிறேன்.

பயம் என்று வந்ததும் வாய் விட்டுச் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. முதல் நாள் பார்த்தால் மட்டும் போதும், வேலை எதுவும் வேண்டாம் என்றுகூடச் சொல்லலாம். இடது கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டிப் பேசிக்கொள்ளுங்கள். காலை நேரத்தில், சாப்பிட்டுவிட்டு, கூட ஒருவரை அழைத்துக்கொண்டு வாருங்கள். தள்ளிப் போட்டால் சிமென்ட்டில் முடிவது ரூட் கேனாலுக்குப் போகும், ரூட் கேனாலில் முடிவது பிடுங்குவதற்குப் போகும். செலவும் பயமும் சேர்ந்தே வளரும்.

கையில் காசில்லை, மனசும் சரியில்லை. எங்கே போவது?

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், தென்காசி அரசுத் தலைமை மருத்துவமனையிலும் பல் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் ஓபி சீட்டு எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பிடும் மாத்திரை, சுகர், பிரஷர், தூக்கம், புகை எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மனநலப் பிரிவும் ஹைகிரவுண்டில் உண்டு, பல் பிரிவில் பார்த்துவிட்டு அங்கேயும் போய் வரலாம். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் போன் செய்து தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. தமிழக அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறவர்கள் பல்லை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் 14416க்குப் பேசுங்கள், வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடமும் சொல்லுங்கள்.